ஜகிரிக்குச் சான்று இல்லை

உன் கடைக்கு இன்று போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டைச் சுற்றித் தடுக்கி விழுந்தால் ஜெராக்ஸ் கடைதான், வேறு எங்காவது போயிருக்கலாம். கால் என்னவோ உன் கடைக்குத்தான் போயிற்று. கல்லாவில் உன் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். நான் அனுப்பிய கோப்பைத் திறந்து அச்சுக் கொடுத்தார். மெஷின் துப்பிய தாள்களைத் தட்டி அடுக்கி நீட்டினார். சூடாக இருந்தன. அந்தச் சூட்டோடு எழும்பிய மை வாசனை மூக்கில் ஏறியது. உன் துப்பட்டாவில், விரல் நுனியில், நீ கட்டிக்கொண்டு வரும் எலுமிச்சைச் சாதத்தில்கூட இந்த வாசனைதான் இருக்கும். "உன் சோறே ஜெராக்ஸ் எடுத்தா மாரி கீதுடி" என்று திட்டிக்கொண்டே பாதியைப் பிடுங்கித் தின்றிருக்கிறேன்.

"இன்னாங்க இது, எதுனா பரீட்சையா?" என்று கேட்டார் உன் வீட்டுக்காரர்.

"நெட் அகராதில நிர்வாகியா நிக்கறேங்க. வாக்கெடுப்பு நடந்துகினு கீது. ஜெயிச்சிட்டா விதிமுறையெல்லாம் தெரிஞ்சிருக்கணுமில்ல? போன்ல படிச்சா மண்டையில ஏற மாட்டேங்குது."

அவர் மெஷினின் மூடியைத் துணியால் துடைத்தார். பிறகு, "அவ இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா" என்றார்.

பாவம், நல்ல மனிதர். உன்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் உன்னைத் தெரியவில்லை. நீயாவது சந்தோஷப்படுவதாவது! "நீ மட்டும் நிர்வாகி ஆன, ஒரே வாரத்துல பாதி பேரத் தடை பண்ணிட்டுக் குந்தியிருப்ப. உன் கோவத்துக்கும் அந்தப் பொத்தானுக்கும் ஆவாது" என்று சொன்னவள் நீதானே. அந்தப் பேச்சுத்தான் இந்த வாக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து காதுக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் போனை எடுக்கிறேன். கம்பெனியில் சரக்கின் தரம் பார்க்கிற நேரத்தில்கூடக் கை பையைத் துழாவுகிறது. சூப்பர்வைசர் இரண்டு முறை முறைத்துவிட்டார்.

அகராதிக்குள் என்னை இழுத்துவிட்டவளே நீதான். அச்சு அகராதிகள் சேர்த்துக்கொள்ளாத, ஊர் ஊராக ஜனங்களின் வாயில் மட்டும் புழங்குகிற சொற்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் ஏற்றலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், சம்பளம் கிடையாது என்று விளக்கினாய். "இதுல உனக்கு இன்னாடி கெடைக்குது?" என்று கேட்டேன். "சண்ட" என்றாய். அதில் ஒரு பொய்யும் இல்லை. உன்னைப் போலச் சண்டையை ரசித்துச் செய்தவள் ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை.

உனக்குச் சொல் கிடைத்ததெல்லாம் கடை மேசையில்தான். விண்ணப்பம் போட வருகிறவர்கள் வாய் தவறி எதையாவது சொல்லுவார்கள். உன் கை அப்படியே நின்றுவிடும். களம்பூர் அரிசி மில்லில் வேலை செய்கிற அம்மா ஒருவர் வந்திருந்தார், நினைவிருக்கிறதா? உமி தேய்ந்து தேய்ந்து அவருடைய கட்டைவிரல் ரேகை மெஷினில் விழவே இல்லை.

"சே, பேஜார் புடிச்ச கையி! எத்தினி தபா வெச்சாலும் எடுக்க மாட்டேங்குதே" என்றார் அவர்.

நீ ரேகையை மறந்தாய். "இன்னொரு தபா சொல்லுங்கம்மா."

"இன்னாத்த சொல்றது? ஆதார் நம்பரா?"

"இல்லம்மா, கைய ஒண்ணு திட்னீங்களே, அத்த."

அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? இந்தப் பெண்ணுக்கு இது ஒரு வியாதி, கொடுத்துவிட்டுப் போங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, இன்னும் நான்கு வசவுச் சொற்களைச் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் உனக்குச் சரியான ஜோடியாக வந்து வாய்த்தார் ஒருத்தர். 'தராசு' என்ற பெயரில் எழுதுகிற கோயம்புத்தூர்க்காரர்; அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் என்று தன் பக்கத்தில் போட்டிருப்பார். நீ ஒரு சொல்லை ஏற்றி முடிப்பதற்குள் கீழே வந்து நிற்பார்: "சான்று எங்கே?" அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இருக்காது. நீ பல்லைக் கடிப்பாய். "காலைல கடை தொறந்தா சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று. எல்லாம் முடிச்சிட்டு அக்கடான்னு அகராதியத் தொறந்தா இந்தாளு சொல்லுக்குச் சான்று கேக்கறான்டி! எந்த தாசில்தார்ட்ட போயி நான் வாங்கறது?" அவருக்குச் 'சான்று அண்ணன்' என்று பெயர் வைத்தாய். ஒரு நாள் அவர் ஒன்றும் எழுதாமல் போய்விட்டால் உனக்குச் சோறு இறங்காது, அதுவும் எனக்குத் தெரியும்.

ஜகிரி என்ற சொல் உனக்குக் கிடைத்தது எங்கள் வீட்டில். ஒரு பொங்கலுக்கு மறுநாள் சாப்பிட வந்திருந்தாய். என் அம்மா, சொந்தத்தில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டே சாம்பார் ஊற்றினாள். "மண்டபம் இன்னா, லைட்டு இன்னா, அத்தினியும் ஜகிரிம்மா. பந்தியில ரசம் ரெண்டாம் தபா வரல." உன் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"ஆன்ட்டி, இன்னா சொன்னீங்க?"

"ரசம் வரலன்னேன்."

"அத்துக்கு முன்ன."

"ஜகிரி. சும்மா மேலுக்கு மினுக்கறது. ஏன், உங்க வீட்ல சொல்ல மாட்டீங்களா?"

உங்கள் வீட்டில் சொல்ல மாட்டார்கள். என் வீட்டில் எப்போதும் சொல்லுவோம். கண்ணாடி முன் நான் நின்றாலே "போதும்டி ஜகிரி" என்று குரல் வரும். நீ கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் போனை எடுத்தாய். எழுதி முடித்துவிட்டு எனக்குப் படித்துக் காட்டினாய்: 'ஜகிரி: வெளிப்பகட்டு, உள்ளே சரக்கு இல்லாத மினுக்கு. ஆரணி வழக்கு. ஜரிகையிலிருந்தோ உருதுவிலிருந்தோ வந்திருக்கலாம்.' தௌலத்தும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்டேன். நீ நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னது இப்போதும் கேட்கிறது: "தௌலத்து இருக்கறவன் காட்றது. ஜகிரி இல்லாதவன் காட்றது. ரெண்டும் எப்டிடி ஒண்ணாவும்?"

நீ சேர்த்ததிலேயே உனக்கு ரொம்பப் பிடித்த சொல் அதுதான். விவாதப் பக்கங்களில் எல்லாம் அதை எடுத்து வீசினாய். "தராசு அவர்களே, நீளமான விதி எண்களைக் காட்டி ஜகிரி பண்ண வேண்டாம்" என்று நீ எழுதியதை மதுரைக்காரர்கள், நெல்லைக்காரர்கள் எல்லாம் ரசித்தார்கள். அந்தச் சொல்லுக்கு மட்டும் எப்படியோ அவர் சான்று கேட்க மறந்தார்.

பிறகு நீ மஞ்சள் காமாலை என்று படுத்தாய். இரண்டு நாள் கீழாநெல்லி, ஒரு வாரம் கைமருந்து, அப்புறம் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். நீ சனிக்கிழமையே போய்விட்டாய். இதில் என்ன அவசரம் உனக்கு? எதற்கும் ஜல்தி, எல்லாவற்றிலும் ஜல்தி. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதைச் சொல்ல வேறு இடம் இல்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

நீ போய்ச் சில மாதங்கள் கழித்துத் தராசு ஒரு கோரிக்கை வைத்தார். காலமான பயனருக்கு மரியாதை செலுத்திவிட்டு, உன் ஆரணிச் சொற்களுக்குச் சான்று சேர்க்க இனி ஆள் இல்லை என்பதால் அவற்றை மொத்தமாக நீக்கிவிடலாம் என்று எழுதியிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி மனுஷா, செத்தவள் வீட்டில் வந்து சாமான் எடுக்கிறாயா என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். அப்போதுதான் நிர்வாகிகள் குறைந்துவிட்டார்கள், யாராவது முன்வாருங்கள் என்ற அறிவிப்பு வந்தது. வந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: சேவைக்காக இல்லை. அழிக்கிற பொத்தானும் பூட்டுகிற பொத்தானும் என் கையில் இருந்தால் உன் சொற்களை ஒருத்தனும் தொட முடியாது என்றுதான் வந்தேன்.

அந்த நினைப்பில் மண் விழுந்தது விதிமுறையைப் படிக்க உட்கார்ந்தபோது. சொந்தம், சிநேகிதம் உள்ள விஷயத்தில் நிர்வாகி தன் பொத்தானைத் தொடவே கூடாதாம். பூட்டைக் கையில் கொடுத்துவிட்டு, உன் வீட்டுக் கதவை மட்டும் பூட்டாதே என்கிறார்கள். அப்படியானால் எனக்கு எதற்கு இந்தப் பூட்டு? இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. பிறகு அதே விதிமுறையில் இன்னொரு வரி கண்ணில் பட்டது. அச்சில் சான்று இல்லாத சொல்லுக்கு, அந்தப் பகுதியைச் சேர்ந்த, ஒரே வீட்டைச் சேராத மூன்று பேரின் குரல்பதிவு இருந்தால் போதும். நீ கடை மேசையில் காதால் கேட்டதோடு விட்டாய். பதிவுசெய்யப் பொறுமை இல்லை உனக்கு. சரி, அந்தப் பொறுமையை நான் எங்கேயாவது கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன்.

அலைந்தேன் பார். காய்கறிச் சந்தை, களம்பூர் மில் வாசல், செய்யாருக்குப் போகிற கம்பெனி பஸ் என்று ஒரு இடம் விடவில்லை. போனை வாயருகே நீட்டினால் ஜனங்கள் முதலில் ஒதுங்குவார்கள். விஷயத்தைச் சொன்னதும் நிறுத்த முடியாது. பேஜாருக்கு மூன்று குரல் கேட்டால் முப்பது குரல் வந்தது. தௌலத்துக்கு ஒரு மீன்கார அம்மா தன் மருமகளின் கதையையே முழுசாகச் சொன்னார். உன் சொற்கள் ஒவ்வொன்றும் உயிரோடு வெளியே நடமாடிக்கொண்டிருந்தன. நீ ஒன்றைக்கூடத் தப்பாகக் கேட்கவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

ஜகிரி மட்டும் இடித்தது. சந்தையில் ஒருவருக்கும் தெரியவில்லை. "இன்னாது, ஜாங்கிரியா? ஸ்வீட் கடையில கேளும்மா" என்றார் தேங்காய்க்காரர். தறி நெய்கிற வீடுகளில் கேட்டேன். "ஜரிகை தெரியும், ஜகிரி இன்னா?" என்று அவர்கள் என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

கடைசியில் கம்பெனி பஸ்ஸில் கேட்டேன். என் வரிசையில் உட்காருகிற மூன்று பெண்களும் ஒரே மூச்சில் "ஓ, தெரியுமே!" என்றார்கள். ஒருத்தி தேசூர், ஒருத்தி ஆரணி, ஒருத்தி சேவூர்ப் பக்கம். ஒரே வீடும் இல்லை, ஒரே தெருவும் இல்லை. வாக்கியத்தில் வைத்து அழகாகச் சொல்லவும் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதிவுகளைப் பத்திரப்படுத்திவிட்டு, உன்னை நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்சம் அழுதேன்.

இறங்குகிறபோது தேசூர்ப் பெண் சொன்னாள், "அக்கா, நல்ல வார்த்தக்கா அது. எங்க ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க. நீங்க பஸ்ல சொல்லிச் சொல்லித்தான் எங்களுக்கே வந்துச்சு."

சிரித்துக்கொண்டே அவள் இறங்கிப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவைப் பிடித்தேன். "ஜகிரின்னு உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது? உங்கம்மாவா?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எங்கம்மாவா? நீதான்டி. சின்னதுல உனக்கு ஜரிகைன்னு வாய் வராது. கடைத்தெருவுல பளபளன்னு எத்தப் பாத்தாலும் 'ஜகிரி, ஜகிரி'ன்னு கத்திகினு வருவ. உங்கப்பாவுக்குச் சிரிப்பு தாங்காது. அப்புறம் வீட்ல எல்லாருக்கும் அதே தொத்திக்கிச்சு."

அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆரணி வழக்கும் இல்லை, உருதுவும் இல்லை. வாய் திருந்தாத வயதில் நான் உளறிய உளறல். அதற்கு நீ வரையறை எழுதி, தௌலத்தோடு வித்தியாசம் காட்டி, ஊர் உலகத்தோடு சண்டையும் போட்டிருக்கிறாய்! முதலில் சிரிப்புத்தான் வந்தது. உன்னிடம் சொன்னால் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாயே என்று போனைக் கையில் எடுத்தே விட்டேன். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது.

அதற்கு அடுத்த நாள் என் வேட்புப் பக்கத்தில் தராசு தன் கேள்வியைப் போட்டார். "நீங்கள் மறைந்த பயனரின் தோழி என்பதை அறிவேன். அவர் சேர்த்த சொற்களில் ஏதேனும் ஒன்று தவறு என்று உங்களுக்கு மட்டும் தெரியவந்தால் என்ன செய்வீர்கள்?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஆளுக்கு ஏதோ ஜோசியம் தெரியும். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். எல்லோரிடமும் கேட்கிற மாதிரிதான் கேட்டிருக்கிறார். "விதிமுறைப்படி நடப்பேன்" என்று ஒரு வரி போட்டால் முடிந்தது. விதிப்படி என்னிடம் மூன்று வீட்டு மூன்று குரல் இருந்தது. தேசூர்ப் பெண் கம்பெனியில் பீஸ் அடுக்குகிறவள், அவள் போய் அகராதியில் சாட்சி சொல்லப்போவதில்லை. அம்மாவுக்கு இணையமே தெரியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் உன் செல்லச் சொல் ஆயுசுக்கும் அங்கே இருக்கும். சொன்னாலோ, ஒன்று பொய்யானால் மற்றதை எப்படி நம்புவது என்று அத்தனையையும் தூக்கிவிடுவார்கள். எதற்காக இதில் இறங்கினேனோ அதுவே போய்விடும்.

கேள்வியை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே! எழுதினேன், அழித்தேன். மாடிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அம்மா, "காலுல சக்கரம் கட்டிகினியா?" என்றாள். உன்னிடமே கேட்டேன். நீதான் எதற்கும் பதில் வைத்திருப்பவள் ஆயிற்றே. உன் குரல் வரவில்லை, உன் வரையறைதான் வந்தது. உள்ளே சரக்கு இல்லாத மினுக்கு. மூன்று குரலையும் காட்டி நான் அந்தச் சொல்லைக் காப்பாற்றினால், அதற்குப் பேர் என்ன? நீயே பேர் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அதற்கு மேல் என்னால் அந்த ஒரு வரிப் பதிலைப் போட முடியவில்லை.

உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஜகிரி ஆரணிச் சொல் இல்லை, என் மழலை. என் தோழி நல்லெண்ணத்தில் ஏமாந்தார். பஸ் பெண்கள் என்னிடமிருந்து கற்றுக்கொண்டவர்கள், ஆகவே அது சான்று ஆகாது. மற்றச் சொற்கள் அனைத்துக்கும் குரல்பதிவை இணைத்திருக்கிறேன், கேட்டுப் பாருங்கள். அந்தப் பக்கத்தின் தலையில் 'நீக்கப் பரிந்துரை' என்று என் கையாலேயே போட்டேன். நேற்று மதியம் ஒரு நிர்வாகி அதை அழித்தார். இப்போது அந்தச் சொல்லைத் தேடினால், 'இப்படியொரு பக்கம் இல்லை, உருவாக்க விரும்புகிறீர்களா?' என்று கேட்கிறது. நீ என்னைத் திட்டியிருப்பாயா என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் பெரிய அவஸ்தை. நீ திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

எதிர்ப்பு வாக்கும் விழுந்தது. ஒருவர், தன் வீட்டுச் சொல் எது, ஊர்ச் சொல் எது என்றே தெரியாதவர் எப்படி நிர்வாகம் செய்வார் என்று கேட்டிருந்தார். இன்னொருவர், எல்லாச் சொற்களையும் மறுபடி சோதிக்க வேண்டும் என்றார். இந்த நிலைமையில்தான் இன்று உன் கடைக்கு வந்தேன். தோற்கப்போகிற தேர்தலுக்கு விதிமுறை அச்சிடுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சூடு ஆறாத தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். போன் அதிர்ந்தது. தராசின் வாக்கு. திறக்கவே பயமாக இருந்தது.

"ஆதரவு. மற்றச் சொற்களின் குரல்பதிவுகள் அனைத்தையும் கேட்டேன். என் நீக்கக் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். இவர் பதிலில் ஜகிரி இல்லை."

மறுபடி படித்தேன். இன்னொரு தபா படித்தேன். மேற்கோள் குறிகூடப் போடவில்லை, அதுவும் பிழை திருத்துகிற மனுஷன்! அழித்துவிட்ட சொல் என்று தெரிந்தே எழுதினாரா, விரல் தன் போக்கில் எழுதிவிட்டதா, நான் கேட்கப்போவதில்லை. நடுத்தெரு என்று பார்க்காமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வேர்க்கடலை விற்கிறவர் பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் ஒரு பொட்டலம் வாங்கினேன்.

வாக்கெடுப்பு இன்னும் முடியவில்லை. ஜெயிப்பேனோ என்னவோ, தெரியாது. ஜெயித்தால், நீ பயந்த அந்தப் பொத்தானை அழுத்தும் முன் உன் வரையறையை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். அது இனி அகராதியில் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒருவரிடமும் இருக்கிறது. அவர் என் வீட்டைச் சேர்ந்தவர் இல்லை, என் பஸ்ஸில் வருகிறவரும் இல்லை. நீ இங்கே பக்கத்தில் நின்றிருந்தால் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, கடலையை வாயில் போட்டுக்கொண்டே சொல்லியிருப்பாய்: "ஒண்ணு ஆச்சு. இன்னும் ரெண்டு பேரு."